அறைக்குள் கேட்டது

என் நாத்தனார் யாங் யோன்சில் மொக்போ துறைமுக நகரில் கவுன்சலிங் நடத்துகிறார். ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், கீழே மருந்துக் கடை, அதற்கு மேல் பல் மருத்துவர், அவருக்கும் மேலே இவர். பெயர்ப் பலகை சின்னது. வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார். படியேறுகிற யாரைப் பார்த்தாலும் பாவம், பல்வலி போலிருக்கிறது என்று தெரு நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு.

அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தவில்லை.

"உன் கதைய நீ யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம். வாய்ப்பூட்டு எனக்குத்தான், உனக்கில்ல. என் பங்கு வர்ற எடத்த மட்டும் ஒரு தரம் காட்டிடு."

காட்டினேன். ஓரிடத்தில் மட்டும் "நான் இவ்வளவு நல்லவ இல்ல, கொஞ்சம் கொறச்சுக்கோ" என்றார். குறைத்துவிட்டேன்.

அவர் பிறந்தது பிகும் தீவில். அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். யோன்சில் நர்ஸ் படிப்பு முடித்து, மொக்போவில் ஒரு நடுநிலைப் பள்ளியின் மருத்துவ அறையில் வெகுகாலம் இருந்தார். வயிற்றுவலி என்று வந்து படுக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வயிற்றில் வலி இல்லை என்பது அங்கேதான் அவருக்குப் புரிந்தது. நாற்பதை நெருங்கும்போது குவாங்ஜூவுக்கு பஸ்ஸில் போய் வந்து திரும்பப் படித்தார். வேலையை விட்டார். இந்த அறையைப் பிடித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார். எதுவும் உண்மையில்லை என்று என் கணவர் சொல்கிறார்.

நான் அவரை முதன்முதலில் பார்க்கப் போனது கல்யாணத்துக்கு முன்னால், உறவாக அல்ல. தொண்டை அடைத்துப்போன ஒருத்தியாக.

அப்போது நான் தீவுகளுக்குப் போகும் கப்பல் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் இருந்தேன். எந்தக் கப்பல் எந்த மேடையில், எது மூடுபனியால் தாமதம் என்று மைக்கில் அறிவிப்பதும் என் வேலை. அம்மா இறந்து சில வாரம் கழித்து, ஒரு நாள் காலை மைக்கை அழுத்தினேன், குரல் வரவில்லை. தண்ணீர் குடித்தேன். மறுபடி அழுத்தினேன். காற்றுதான் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். வீட்டில் கிசுகிசுவென்று பேச முடிந்தது. மைக்கைப் பார்த்தால் அடைத்துக்கொள்ளும். நிலையத்தில் என்னைச் சரக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். யாருக்கும் சொல்லாமல் பல் மருத்துவரைத் தாண்டி மேலே ஏறினேன்.

உள்ளே போனதும் துக்கத்தைக் கேட்பார், அழலாம் என்று கைக்குட்டையெல்லாம் எடுத்துப் போயிருந்தேன். அவரோ இரண்டு பக்கக் காகிதத்தை என் முன்னால் வைத்து, வரிவரியாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு சந்திப்பு ஐம்பது நிமிடம். தாமதமாக வந்தாலும் முடிய வேண்டிய நேரத்தில்தான் முடியும். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்ல வேண்டும், இல்லையென்றால் கட்டணம் உண்டு. நடுவில் கைபேசியில் செய்தி அனுப்பலாம், நேரம் மாற்ற மட்டும். பரிசு வாங்குவதில்லை, தின்பண்டம் உட்பட. இங்கே பேசியது இங்கேயே இருக்கும். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. வெளியில் எங்காவது பார்த்தால் நான் முதலில் வணங்க மாட்டேன். நீங்கள் வணங்கினால் வணங்குவேன். நமக்குள் வேறு உறவோ வியாபாரமோ இருப்பது தெரிந்தால் அன்றே சொல்லிவிடுவேன், அதன்பின் தொடர முடியாது. எப்போது வேண்டுமானாலும் நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சொல்லிக்கொண்டு போக ஒரு முறை வாருங்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஆலோசகர்களையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கிசுகிசுக் குரலில் சொன்னேன்: "டீச்சர், எங்க கப்பல்ல லைஃப் ஜாக்கெட் எப்படி மாட்டணும்னு சொல்லுவாங்களே, அது மாதிரி இருக்கு."

"அத யாராவது கேக்குறாங்களா?"

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. தூங்குவாங்க."

"அதான் நான் படிச்சுக் காட்டுறேன். தண்ணி உள்ள வந்தப்புறம் படிக்க முடியாது பாருங்க."

கையெழுத்துப் போட்டேன். நேரம் முடிந்துவிட்டது. கைக்குட்டை மடித்தபடியே வீடு வந்தது.

அந்த விதிகளை நான் ஒவ்வொன்றாக முட்டிப் பார்த்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அப்போது அது எனக்குத் தேவைப்பட்டது போல. முதலில் பரிசு. சரக்குப் பிரிவில் ஒரு மீனவர் எனக்குக் குட்டி ஆக்டோபஸ் கொடுத்தார், உயிரோடு, கடல்நீர் ஊற்றிய பிளாஸ்டிக் பையில். அதை அப்படியே டீச்சரிடம் கொண்டுபோனேன். வேண்டாம் என்றார். நான் பையை மேசைமேல் வைத்தேன். "நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று அவர் என் பக்கம் நகர்த்தினார். நான் அவர் பக்கம் நகர்த்தினேன். மூன்றாவது முறை பை கவிழ்ந்தது.

ஆக்டோபஸ் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. நாங்கள் இருவரும் முழங்காலிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, அதைத் துரத்தினோம். சோபாக் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அது வருவேனா என்றது. பிடித்துப் பையில் போட்டு, தரையைத் துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபோது பாதி நேரம் போயிருந்தது. இவ்வளவு பாடுபட்டதற்காவது வாங்கிக்கொள்வார் என்று பார்த்தேன்.

"மறக்காம எடுத்துட்டுப் போங்க" என்றார்.

இன்னொரு நாள் மூடுபனி. கப்பல்கள் நின்று, சரக்கெல்லாம் தேங்கி, நான் ஓடி வந்து சேர்ந்தபோது மிச்சம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாக என்ன கேட்டாள் என்பதை அன்றுதான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு நேரம் ஆயிடுச்சு, இன்சுன்."

எங்கிருந்து வந்ததோ தெரியாது. எழுந்து நின்று கத்தினேன். "பனி மூடினா நான் என்ன பண்ண முடியும்? எங்க அம்மா செத்ததச் சொல்லிட்டிருக்கேன், நீங்க கடிகாரத்தப் பாக்குறீங்களே! உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முகம் சுளிக்கவில்லை. நான் மூச்சு வாங்கியதும், "கோவம் நியாயந்தான். அடுத்த வாரம் அந்தக் கோவத்தையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

கீழே பல் மருத்துவர் வாசலில் காத்திருந்த ஒரு கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவ்வளவு வலியா புடுங்கினாங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் கத்தியிருக்கிறேன். முழுக் குரலில். அடுத்த மாதம் மைக்குக்குத் திரும்பினேன்.

எங்கள் ஊரில் எல்லோரும் போகிற பொது வெந்நீர்க் குளியல் கூடத்தில், பெண்கள் பக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்தேன். காசுக்கு அழுக்குத் தேய்த்துவிடும் அம்மாள் அவரைப் பலகையில் குப்புறப் போட்டு முதுகைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் முகம் என் பக்கம். கண்கள் என்னைப் பார்த்தன, நின்றன, மூடிக்கொண்டன. வணங்குவதா வேண்டாமா என்பது என் கையில் இருந்தது. இடுப்பில் ஒரு சின்னத் துண்டோடு நின்று வணங்க எனக்கு மனமில்லை. வெந்நீர்த் தொட்டியில் முகம் வரை அமிழ்ந்துகொண்டேன். அந்த நேரத்தில் அந்த விதி எவ்வளவு மரியாதையானது என்று தோன்றியது. என்னைத் தெரிந்த ஒருத்தி, நான் கேட்டால் ஒழிய என்னைத் தெரியாதவளாக இருப்பாள்.

அந்த வருட இலையுதிர் காலத்தில்தான் நான் ஒரு மனிதரைச் சந்தித்தேன். கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எப்போதும் தொப்பி. சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். டீச்சரிடம் அவரைத் தொப்பிக்காரர் என்றே சொல்லி வந்தேன். நல்லவர், ஆனால் ஏதோ ஓரிடத்தில் கதவு சாத்திவிடுகிறார், கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை என்று வாரா வாரம் புலம்புவேன். டீச்சரும் கேட்டுக்கொள்வார்.

ஒரு நாள் தொப்பிக்காரர் கதவைக் கொஞ்சம் திறந்தார். அதை அப்படியே கொண்டுபோய் டீச்சரிடம் கொட்டினேன்.

"அவருக்கு ஒரு அக்கா இருக்காங்களாம் டீச்சர். பெரிய படிப்பு. அப்பா கடைசியா ஆஸ்பத்திரில கெடந்தப்ப இவரு ராத்திரி பகலா கூடவே இருந்திருக்காரு. ஒரு நா சாயங்காலம் அந்த அக்கா, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு, நான் பாத்துக்குறேன்னு அனுப்பி வச்சிருக்காங்க. விடியக்கால அப்பா போயிட்டாரு. போனப்புறந்தான் ஃபோன் பண்ணியிருக்காங்க. பெத்த புள்ள, அப்பா உயிர் போறப்ப பக்கத்துல இல்ல. கேட்டா, என் கையப் புடிச்சுக்கிட்டே நிம்மதியாப் போனாருன்னு சொன்னாங்களாம். அந்த அக்கா அப்பாவோட சாவத் தனக்கே வச்சுக்கிட்டான்னு அழறாரு. தொப்பிய மூஞ்சில கவுத்துக்கிட்டு அழறாரு."

மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தேன்.

"அந்தப் பொம்பளய நான் பாத்ததில்ல. ஆனா பாக்காமலே எனக்கு ஆகல. அந்த வீட்டுக்கு எப்படி மருமகளாப் போறது?"

அவர் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தார். இத்தனை மாதத்தில் என் முன்னால் அவர் தண்ணீர் குடித்ததை நான் பார்த்ததில்லை. "நேரம் இருக்கு. ஆனா இன்னைக்கு இதோட நிறுத்திக்கலாமா?" என்றார். நேரம் இருக்கும்போது நிறுத்துகிற டீச்சர்! உடம்பு சரியில்லை போலும் என்று எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது அவர் அந்த இரண்டு பக்கக் காகிதத்தை எடுத்து வைத்திருந்தார்.

"இன்சுன், ஒரே ஒரு கேள்வி. விருப்பமில்லன்னா பதில் சொல்ல வேண்டாம். அந்தத் தொப்பிக்காரர் பேரு தூஹோவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் ஊரில் யாங் என்ற குடும்பப் பெயர் அபூர்வமில்லை. அதனால்தான் இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

"அவன் யோசுவுலதான் வேல பாக்குறான்னு நெனச்சுட்டிருந்தேன். இங்க வந்துட்டது எனக்குத் தெரியாது" என்றார். பிறகு நிமிர்ந்து, "நீங்க சொன்ன அந்த அக்கா நான்தான்" என்றார்.

தரை பிளந்தால் உள்ளே போய்விடுவேன் என்றிருந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீங்க மன்னிப்புக் கேக்குற மாதிரி எதுவும் செய்யல. எதையும் சொல்லலாம்னுதான் இந்த அறை. ஆனா இனிமே நான் உங்களுக்கு ஆலோசகரா இருக்க முடியாது. உங்க பக்கம் நின்னு கேக்க வேண்டியவ நான். இப்ப நானே அந்தக் கதைக்குள்ள இருக்கேன். நீங்க இன்னைக்குச் சொல்லிக்கிட்டுப் போகத்தான் முடியும்."

குவாங்ஜூவில் இருக்கும் வேறு ஆலோசகர்கள் சிலரின் பெயர்களைச் சொன்னார். நான் எதையும் காதில் வாங்கவில்லை. எனக்கு ஒரே பயம்தான்.

"நான் இங்க வர்றது அவருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க டீச்சர்."

"சொல்ல மாட்டேன்."

"கல்யாணம் ஆனாலும்?"

"கல்யாணம் ஆனாலும். நீங்க வந்ததும் இல்ல, நீங்க சொன்னதும் எனக்குத் தெரியாது."

அவர் சொன்னதன் பாரம் அன்று எனக்குப் புரியவில்லை. நான் தப்பித்துக்கொண்டேன் என்று நிம்மதியாகப் படியிறங்கினேன்.

வசந்தத்தில் இரண்டு குடும்பமும் கூடிச் சாப்பிட்டோம். கடற்கரையோரம் ஒரு உணவகத்தில் தனி அறை. என் பக்கம் சித்தப்பா, சித்தி. அந்தப் பக்கம் தூஹோ, தீவிலிருந்து வந்த அவர் அம்மா, பிறகு கதவைத் திறந்துகொண்டு யோன்சில். தூஹோ அன்றைக்கென்று தொப்பியைக் கழற்றியிருந்தார். அவர் அம்மா அதைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு ஒரு சிலை வைக்கணும், என் மகனுக்குத் தலை இருக்குன்னு காட்டிட்டா" என்றார்.

யோன்சில் என் எதிரே வந்து நின்றார். பார்த்தார். வணங்கவில்லை. காத்திருந்தார். நான் குனிந்து, "முதல் தடவையாப் பாக்குறேன்" என்றேன்.

அவரும் குனிந்தார். "யாங் யோன்சில். தூஹோவோட அக்கா" என்றார்.

சோறு வாயில் வைக்கும்போதுதான் கவனித்தேன், முதல் தடவை என்று அவர் சொல்லவே இல்லை. பொய் சொன்னது நான் மட்டும்.

மாமியார் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே மகளை இடித்தார். "ஏண்டி, ஊர்ல உள்ளவங்க மனசையெல்லாம் படிக்கிறியே. இந்தப் பொண்ணு எப்படின்னு ஒரு வார்த்த சொல்லேன்."

"ஆபீஸ் நேரம் முடிஞ்சுதும்மா" என்றார் யோன்சில். எல்லோரும் சிரித்தார்கள். நான் ரொம்பச் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

கல்யாணம் ஆயிற்று. குவாங்ஜூ ஆலோசகர் ஒருவரிடம், அலுவலகப் பயிற்சி என்று தூஹோவிடம் சொல்லிவிட்டு, போய் வந்துகொண்டிருந்தேன். யோன்சிலை அண்ணி என்று கூப்பிட நாக்கு வரவில்லை. இரண்டு தடவை டீச்சர் என்று வாய் தவறி, "படிச்சவங்களப் பார்த்தா அப்படித்தான் வருது" என்று சமாளித்தேன்.

அந்த வீட்டில் அக்காளும் தம்பியும் சண்டை போட மாட்டார்கள். அதுதான் கஷ்டம். "கேஸ் மாத்தியாச்சா", "மாத்தியாச்சு". "அம்மாவுக்கு மருந்து?" "இருக்கு." இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. சில நேரம் யோன்சில் அவரைப் பார்த்து "தூஹோ" என்று ஆரம்பிப்பார். அவர் திரும்புவார். யோன்சில் வாயைத் திறந்து, "தண்ணி வேணுமா?" என்பார். அவர் வேண்டாம் என்பார்.

மாமனாரின் நினைவு நாள் வந்தது. படையலுக்காக நானும் யோன்சிலும் மத்தியானம் முழுக்க தரையில் செய்தித்தாளை விரித்து, மீனையும் சுரைக்காயையும் மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தோம். கூடத்தில் தூஹோ அப்பாவின் படத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு அப்படியே நின்றார், துணி கையில். யோன்சில் எட்டிப் பார்த்தார். எழுந்து போக முழங்காலை ஊன்றினார். பிறகு என்னை ஒரு கணம் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து மீனைத் திருப்பிப் போட்டார்.

அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. அனுமதி கேட்பது போலவும் இல்லை. பூட்டியிருக்கிறதா என்று கதவைத் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. தம்பியின் வேதனை இன்னதென்று இவருக்குத் தெரியும். தெரிந்தது என் வாயிலிருந்து. அதனால் அது அவருக்குத் தெரியாது. ஒரு வருடத்துக்கு மேலாக இந்த மனுஷி அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தெரிந்ததைத் தெரியாமல் வைத்திருக்கிறார். நான் இரவல் கொடுத்த பூட்டு.

"டீச்சர்" என்றேன். இந்தத் தடவை வாய் தவறவில்லை. "நான் அவர்கிட்ட சொல்லிடவா?"

அவர் அடுப்பைத் தணித்தார். "எனக்காகச் சொல்லாதீங்க."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"கஷ்டந்தான். ஆனா அது என் வேலையோட கஷ்டம். உங்க தலைல ஏத்திவிட எனக்கு உரிமை இல்ல." எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "இன்னொண்ணும் இருக்கு. முழுசா விதிக்காக மட்டும் நான் சும்மா இருந்தேன்னு நெனச்சுக்காதீங்க. அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கவும் வசதியா இருந்துச்சு."

என்ன ஒளிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் தூஹோ பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். குரல் அடைத்த கதையிலிருந்து ஆரம்பித்தேன்.

"நீயா? கவுன்சலிங்கா?" என்றார். "கல்லு மாதிரி இருக்கியே, உனக்கு என்ன?"

"கல்லுக்குத்தான் தொண்ட அடைச்சுது."

சிரித்தார். "யார்கிட்டப் போன?"

சொன்னேன். அந்த அறையில் அவர் அப்பாவைப் பற்றியும் அவர் அழுததைப் பற்றியும் நான் பேசியதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய அக்கா என்பது எனக்குத் தெரியாமல் போனதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பூண்டு நசுங்கியது.

"அப்ப அக்காவுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு ஒரு வருஷமா என்னைத் தண்ணி வேணுமான்னு கேட்டுட்டிருக்கா!" எழுந்துவிட்டார். "நீ அவகிட்ட என்னைப் பத்தி அளந்துட்டு வந்திருக்க. அவ என்னைப் பாத்துக் கல்லுளிமங்கியா உக்காந்திருக்கா. நடுவுல நான் ஒரு முட்டாப்பய."

"என் மேல கோவப்படு. அவங்க சொல்லாதது நான் கேட்டுக்கிட்டதால."

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கையெல்லாம் பூண்டு நாற்றம், கழுவக்கூட இல்லை. பின்னாலேயே ஓடவா என்று நினைத்தேன். ஓடவில்லை.

அதன்பின் நடந்ததை அவர் சொல்லித்தான் நான் அறிவேன். அக்காவின் அறைக்குப் படியேறிப் போய்க் கதவைத் தட்டக் கையை ஓங்கியிருக்கிறார். கதவில் அட்டை தொங்கியது: உள்ளே சந்திப்பு நடக்கிறது. உள்ளே யாரோ மெல்ல அழும் சத்தம். ஓங்கிய கையை இறக்கிவிட்டு, வெளியே இருந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கிரேன் ஓட்டுகிற ஆள், அந்த நாற்காலி அவர் பாரத்துக்கு முனகியிருக்கும். யாருடைய அழுகையோ கேட்கக் கூடாது என்று தோன்றி, ஒரு மாடி இறங்கிப் பல் மருத்துவர் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்த பெண், அப்பாயின்ட்மென்ட் இருக்கா என்று கேட்டிருக்கிறாள்.

ஒரு பெண் முகத்தை மறைத்தபடி இறங்கிப் போன பிறகு இவர் மேலே ஏறினார். யோன்சில் கதவருகே நின்றிருந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அவளே சொன்னாளா?"

"சொன்னா. நீ சொல்லு இப்ப. அப்பா என்ன சொன்னாரு கடைசியா? உன் கையப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு? அதையாவது எனக்குக் குடு."

யோன்சில் அங்கேயே, வாசற்படியிலேயே, உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் சொல்லல."

"பொய் சொல்லாத."

"தூஹோ, நான் தூங்கிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை.

"நீ போனதும் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன். கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா நர்ஸ் என் தோளத் தொடுறா. அப்பா போயிட்டாரு. எப்பப் போனாருன்னே எனக்குத் தெரியாது. நானே ஒரு நர்ஸு. கூப்பிட்டாரான்னுகூடத் தெரியாது. நீ ஓடி வந்து கேட்டப்ப, உன் மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியல. கையப் புடிச்சுக்கிட்டுப் போனாருன்னு சொல்லிட்டேன். சொன்னத அப்புறம் அம்மாகிட்டயும் சொன்னேன், வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். உனக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன். உன்ன அது அறுத்துட்டிருந்தது அப்ப எனக்குத் தெரியாது."

தூஹோ சுவரில் சாய்ந்துகொண்டார். கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்றார் என்னிடம். இத்தனை வருஷம் அக்காவிடம் இருந்தது, தனக்கு மட்டும் மறுக்கப்பட்டது என்று பொறாமைப்பட்ட ஒன்று, அவளிடமும் இல்லை.

"அப்ப ரெண்டு பேருமே தூங்கிட்டமா?"

"ரெண்டு பேருந்தான்."

"அந்த மனுஷன் நம்ம ரெண்டு பேரையும் தூங்க வச்சுட்டு நைசாக் கெளம்பிட்டாரா?"

யோன்சில் அழுதுகொண்டே சிரித்தாராம். அப்பா உப்பளத்துக்குப் போகும் காலத்தில் அப்படித்தான், பிள்ளைகள் எழுவதற்குள் சத்தம் போடாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவாராம். கீழே அடுத்த சந்திப்புக்கு யாரோ படியேறும் சத்தம் கேட்டது. யோன்சில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு ஆள் வருது. நீ போ. சாயங்காலம் வீட்டுக்கு வா, சாப்பிடலாம்."

"இப்பக்கூட நேரம் பாக்குறியே!"

"வர்றவங்க எனக்காகக் காத்திருக்கக் கூடாதுல்ல."

தூஹோ தொப்பியை மூஞ்சிவரை இறக்கிக்கொண்டு, எதிரே வந்த ஆளைப் பார்க்காமல் படியிறங்கி வந்துவிட்டார்.

மாமியாரிடம் இருவருமாகச் சேர்ந்து சொன்னார்கள். கையைப் பிடித்தபடி போனார் என்ற நினைப்பில் ஆறியிருந்த கிழவி என்ன ஆவாரோ என்று நான் நடுங்கினேன். அவர் பசலைக் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "உங்கப்பா என் கையவே நாப்பது வருஷத்துல நாலு தரம் புடிச்சிருப்பாரு. இவ கையப் புடிச்சுக்கிட்டுப் போனாருன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்." அதற்கு மேல் அவர் அதைப் பேசவில்லை. அன்று சாயங்காலம் மட்டும் சீக்கிரம் படுத்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. தூஹோ என்னிடம் பல வாரம் முறுக்கிக்கொண்டிருந்தார். தன் அழுகையை நான் மூன்றாம் ஆளிடம் கொண்டுபோனது அவருக்கு வலித்தது, அது நியாயம். இப்போதும் எதையாவது மனம்விட்டுச் சொன்னால், "இது குவாங்ஜூவுக்குப் போகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார். போகும் என்றால் போகும் என்று சொல்லிவிடுகிறேன். யோன்சிலுக்கும் சுலபமாக இல்லை. நடந்ததை எல்லாம் தனக்கு மேற்பார்வையாக இருக்கும் மூத்த ஆலோசகரிடம் எடுத்துப் போனார். அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. நான் கேட்டேன், இந்த விதியால் ஒரு வருடம் வீணாயிற்றே, மாற்றக் கூடாதா என்று. "சொல்லிடாதீங்கன்னு நீ அன்னைக்கு என்கிட்டக் கேட்டப்ப நான் தயங்கியிருந்தா, இன்னைக்கு என்கூட ஒக்காந்து கீரை ஆய்வியா?" என்றார். இந்த வாக்கியத்தில்தான் முதல்முறை என்னை நீ என்றார். நான் அதைக் கவனித்தேன். அவரும் கவனித்தார். நான் "இல்ல அண்ணி" என்றேன்.

இந்த வருடம் அறுவடைத் திருநாளுக்கு முன் எல்லோரும் பிகும் தீவுக்குப் போய் மாமனாரின் சமாதி மேட்டில் முளைத்த புல்லை வெட்டினோம். தூஹோ இயந்திரத்தைத் தோளில் மாட்டி ஓட்டினார். யோன்சில் பின்னாலேயே வாரிக்கொண்டு போனார்.

"கண்ணாடி போட்டுக்கடா, கல்லு தெறிக்கும்!"

"தெறிச்சா நீ நர்ஸ்தானே, பாத்துக்க மாட்டியா?"

"நான் பாத்துக்குற லட்சணந்தான் உனக்குத் தெரியுமே" என்றார் யோன்சில்.

தூஹோ இயந்திரத்தை நிறுத்திவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேட்டின் அந்தப் பக்கத்தை வெட்டத் தொடங்கினார்.